இகுவாசு: அருவி ஒன்று, கேட் இரண்டு, எதற்கு எத்தனை நாள்?

"அர்ஜென்டினா பக்கமா, பிரேசில் பக்கமா?" இந்த இரண்டு நாட்டின் எல்லையில் விழும் இகுவாசு அருவிக்குப் போக நினைக்கும் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பதில் கீழே வருகிறது. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது ஆற்றுத் தண்ணீர். விமான டிக்கெட், ஓட்டல், படகு என்று ஆயிரம் கணக்குப் போட்டுவிட்டு இதை மட்டும் பார்க்காமல் போய் இறங்குகிறார்கள். அங்கே நடைபாதையை மூடியிருப்பார்கள். இல்லையென்றால் கறுப்புப் பாறையில் நாலு வெள்ளைக் கோடு வழிந்துகொண்டிருக்கும்.

இகுவாசுவின் சராசரி நீர்வரத்து நொடிக்குச் சுமார் 1,500 கன மீட்டர். அதாவது 15 லட்சம் லிட்டர். ஆனால் சராசரியை நம்பி இங்கே எதையும் திட்டமிட முடியாது. 2020 வறட்சியில் அது 300க்கும் கீழே போனது. 2022 அக்டோபரில் 16,000ஐத் தாண்டியது. 2023 அக்டோபர் கடைசியில் 24,000ஐத் தொட்டு, இங்குள்ள அருவிகளில் மிகப் பெரியதான சாத்தானின் தொண்டைக்குப் போகும் அர்ஜென்டினா நடைபாதையை உடைத்தெறிந்தது. அதைச் சரிசெய்து திறக்க மாதக்கணக்கில் ஆனது. 2014 ஜூனில் வந்த வெள்ளம் 45,000க்கும் மேல். அதே பாறைதான், அதே ஆறுதான். அதில் நூறு மடங்குக்கும் மேல் ஏற்ற இறக்கம்.

காரணம் மேலே இருக்கிறது. ஆறு பிறப்பது பிரேசிலின் குரிச்சிபா நகரத்துக்குப் பக்கத்து மலைகளில். அங்கிருந்து மேற்கே சுமார் 1,300 கிலோமீட்டர் ஓடி, அருவியில் விழுந்து, மேலும் 23 கிலோமீட்டர் போய்ப் பரானா ஆற்றில் கலக்கிறது. அருவிக்கு மேலே ஆற்றின் குறுக்கே வரிசையாக நீர்மின் அணைகள். சால்ட்டோ கஷியாஸ், அதற்குக் கீழே 2019இல் ஓடத் தொடங்கிய பாய்ஷோ இகுவாசு இரண்டும் அருவிக்கு மிக அருகில் இருப்பவை. ஆகவே அருவி இருக்கும் ஊரில் வானம் பளிச்சென்று இருந்தாலும் வெள்ளம் வரும். ஊரில் கொட்டோ கொட்டென்று கொட்டினாலும் அருவி அசைந்து கொடுக்காது. போன வாரம் குரிச்சிபா பக்கம் என்ன மழை, அணைகளில் எவ்வளவு திறந்துவிடுகிறார்கள் என்பதுதான் இன்று விழும் தண்ணீரைத் தீர்மானிக்கிறது. பரானா மாநிலத்தின் மின்சார நிறுவனமான கோபெல் நீர்வரத்து எண்களைத் தன் இணையதளத்தில் போடுகிறது. போகுமுன் ஒரு வாரம் அதைத் தினமும் பாருங்கள். பணம் கேட்காத சேவை, இந்தப் பயணத்திலேயே அதிகம் உதவுவதும் இதுதான்.

எண்ணை எப்படிப் படிப்பது? 500க்குக் கீழே என்றால் பல அருவிகள் நூலாகிவிடும். தொண்டை மட்டும் தாக்குப்பிடிக்கும். 1,000 முதல் 2,500 வரை என்றால் கண்ணுக்கும் கேமராவுக்கும் விருந்து: திரைகள் தனித்தனியாகத் தெரியும், பாறையும் பச்சையும் இடையிடையே தெரியும், எல்லாப் பாதையும் திறந்திருக்கும். 4,000, 5,000 என்று ஏறினால் தண்ணீர் செம்மண் நிறமாகிவிடும். தொண்டையின் விளிம்பில் நின்றால் எதிரே வெள்ளைச் சுவர் மட்டும். சத்தம் கேட்கும், அருவி தெரியாது. அதற்கும் மேலே போகப் போக நடைபாதைகள் மூடப்படும், முதலில் தொண்டைப் பாதை, படகு. தண்ணீர் அதிகமாக இருந்தால் அழகும் அதிகம் என்று நினைப்பவர்கள்தான் இங்கே ஏமாந்து திரும்புவது. நடுத்தர எண்ணே நல்ல எண்.

இரண்டு பக்கத்துக்கும் என்ன வித்தியாசம்

2.7 கிலோமீட்டர் அகலத்தில், தண்ணீரைப் பொறுத்து 150 முதல் 300 வரை அருவிகள். உயரம் 60 முதல் 82 மீட்டர். இவற்றில் பெரும்பகுதி அர்ஜென்டினா மண்ணில் விழுகிறது. பிரேசில் கரையில் நின்று பார்த்தால் அந்த வரிசை முழுக்க எதிரே தெரியும். அர்ஜென்டினாவில் அருவிக்குள் நடக்கிறீர்கள், பிரேசிலில் அருவியை எதிரே வைத்துப் பார்க்கிறீர்கள். ஒன்று மற்றொன்றுக்கு ஈடு இல்லை. அர்ஜென்டினா பூங்கா 1934இல் உருவானது, பிரேசில் பூங்கா 1939இல். யுனெஸ்கோ பட்டியலில் முறையே 1984, 1986.

நேரக் கணக்கு: அர்ஜென்டினாவுக்கு ஒரு முழு நாள், பிரேசிலுக்கு அரை நாள். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கச் சொல்லும் டூர் பேக்கேஜ்களை வாங்காதீர்கள். எல்லையில் இரண்டு தடவை வரிசை, இரண்டு கேட்டில் வரிசை, ரயிலுக்கு வரிசை. கடைசியில் அர்ஜென்டினாவின் மூன்று பாதைகளில் (தொண்டை, மேல் சுற்று, கீழ்ச் சுற்று) இரண்டை விட்டுவிட்டு ஓட வேண்டிவரும். ஒரே ஒரு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் அர்ஜென்டினாவை எடுங்கள். வயதானவர்கள் கூட வருகிறார்கள், அதிகம் நடக்க முடியாது, விமானமும் பிரேசில் பக்கத்து ஊரான ஃபோஸ் டோ இகுவாசுவில்தான் இறங்குகிறது என்றால் பிரேசிலே போதும். ஒன்றரை நாள், இரண்டு நாள் இருக்கிறவர்கள் முதலில் பிரேசில், அடுத்த நாள் அர்ஜென்டினா என்று போடுவது நல்லது. தூரத்திலிருந்து மொத்தத்தையும் பார்த்துவிட்டு உள்ளே போனால், எந்த அருவி எங்கே இருக்கிறது என்று பிடிபடும். திருப்பிப் போட்டால் பிரேசில் பக்கம் சப்பென்று இருக்கும்.

அர்ஜென்டினா: நாளை எப்படி ஓட்டுவது

தங்குவதற்கு ஊர் புவேர்ட்டோ இகுவாசு. அங்கிருந்து பூங்கா கேட் சுமார் 18 கிலோமீட்டர். ஊர் பஸ் நிலையத்திலிருந்து ரியோ உருகுவாய் நிறுவனத்தின் பஸ்கள் அரைமணிக்கு ஒன்று என்ற அளவில் ஓடுகின்றன. டாக்சி தேவையில்லை, நாலு பேர் இருந்தால் டாக்சியில் போவதும் தவறில்லை. பூங்கா காலை 8 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடுகிறது. மாலை நாலரைக்குப் பிறகு உள்ளே விட மாட்டார்கள். வெளிநாட்டவர் கட்டணம் உள்ளூர்க்காரர்களுடையதைவிடப் பல மடங்கு. பெசோ விலைகள் அடிக்கடி ஏறுவதால் பழைய பயணக் குறிப்புகளில் இருக்கும் தொகையை நம்பாதீர்கள். பூங்கா நிர்வாகத்தின் தளத்தில் அன்றைய விலை பார்த்து அங்கேயே கார்டில் வாங்கிவிடுங்கள். அடுத்த நாளும் வந்தால் இரண்டாம் நாளுக்குப் பாதிக் கட்டணம். ஆனால் முதல் நாள் வெளியேறும்போதே வாயிலில் டிக்கெட்டைக் காட்டிப் பதிந்துகொள்ள வேண்டும். இதை மறந்து வெளியே வந்துவிட்டு மறுநாள் காலை கவுன்டரில் வாதாடிப் பயனில்லை.

உள்ளே ஒரு குட்டி ரயில் ஓடுகிறது. கட்டணம் டிக்கெட்டிலேயே அடக்கம். பெயர் சூழலியல் வனரயில். திரவ வாயுவில் ஓடும், மெதுவாகத்தான் போகும். மூன்றே நிலையங்கள்: சென்ட்ரல், கத்தராத்தாஸ், கர்கான்தா (தொண்டைக்கு இறங்க வேண்டியது இங்கே). இந்தப் பூங்காவின் பலவீனமான சேவை எது என்றால் இந்த ரயில்தான். காலை ஒன்பதரைக்கு மேல் கூட்டம் குவிந்துவிடும். பெட்டியில் இடம் குறைவு. கூட்ட நாட்களில் நேரம் குறித்த இலவசச் சீட்டு ஒன்று கொடுப்பார்கள். அதை வாங்காமல் பிளாட்பாரத்துக்குப் போய் நின்றால் திரும்ப அனுப்பிவிடுவார்கள். கத்தராத்தாஸ் நிலையத்தில் இறங்கியதும் வேறு எதையும் பார்க்காமல் கர்கான்தா ரயிலுக்கான சீட்டை வாங்குங்கள். குறித்த நேரம் வரும்வரை பக்கத்திலேயே இருக்கும் மேல் சுற்றை நடந்துவிடலாம்.

சென்ட்ரலிலிருந்து கத்தராத்தாஸ் வரை ரயிலே வேண்டாம். பச்சைப் பாதை என்று ஒரு நடைவழி இருக்கிறது, 600 மீட்டர்தான், பத்து நிமிடம். ரயிலுக்கு வரிசையில் நிற்கிற நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். காலையில் டூக்கான் பறவையைப் பார்க்க வாய்ப்பு அதிகம் உள்ள இடமும் அதுதான்.

எந்தப் பாதையை முதலில் நடப்பது என்பதில் இரண்டு கட்சி உண்டு. எட்டு மணிக்கே கேட்டில் நிற்கிறவர்கள் முதல் ரயிலைப் பிடித்து நேரே தொண்டைக்குப் போவது நல்லது. டூர் பஸ்கள் வந்து சேரும் முன் அரைமணி நேரம் மேடை காலியாக இருக்கும். பத்து மணிக்கு வருகிறவர்கள் அதே திட்டத்தைப் பிடித்துக்கொண்டால் கூட்டத்தின் நடுவே மாட்டிக்கொள்வார்கள். அவர்கள் கீழ்ச் சுற்று, மேல் சுற்று, பிறகு மதியம் இரண்டரைக்கு மேல் தொண்டை என்று போக வேண்டும். இதில் ஒரே ஆபத்து கடைசி ரயில். அதன் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். காலையில் நுழையும்போதே பலகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கர்கான்தா நிலையத்தில் இறங்கினால் ஆற்றின் மேலேயே 1,100 மீட்டர் நடைபாதை. திரும்ப அதே வழி. முதலில் அகலமாக, அசையாத குளம் போல ஆறு. இதிலா இவ்வளவு பெரிய அருவி என்று தோன்றும். பாதைக்குப் பக்கத்தில் பழைய வெள்ளங்களில் அடித்துப்போன நடைபாதையின் கட்டைத் தூண்கள் தண்ணீரில் தனியாக நிற்கின்றன. அவற்றில் வெயில் காய ஆமைகள் ஏறி உட்கார்ந்திருப்பதையும் பார்க்கலாம். கடைசி நூறு மீட்டரில்தான் தரை அதிரத் தொடங்கும். மேடையின் கம்பிக்குப் பக்கத்தில் நின்று கீழே பார்த்தால், விளிம்பில் மடியும் இடத்தில் மட்டும் தண்ணீர் கண்ணாடி போல் தேன் நிறத்தில் இருக்கும். ஒரு கை அகலம் தாண்டியதும் அது வெள்ளையாகச் சிதறிவிடும். 80 மீட்டர் பள்ளத்தின் அடி எந்த நாளும் தெரியாது. சாரல் அலை அலையாக மேலே வரும். ஒரு தடவை மூடிக்கொண்டால் உடனே திரும்பிவிடாதீர்கள். ஐந்து பத்து நிமிடம் நின்றால் காற்று மாறி ஒரு ஜன்னல் திறக்கும். சாரலுக்குள் அம்பு போல் பாய்ந்து மறையும் கருஞ்சாம்பல் பறவைகள் உழவாரன் இனம். அருவித் திரைக்குப் பின்னால் உள்ள பாறையில் கூடு கட்டுகின்றன.

மேல் சுற்று சுமார் 1.75 கிலோமீட்டர், அருவிகள் விழும் விளிம்பை ஒட்டியே போகிறது. போசெட்டி, எம்பிகுவா என்று ஒவ்வொன்றின் தலைமேலும் நின்றுவிட்டு, கடைசியில் சான் மார்ட்டின் அருவியைப் பார்க்கலாம். தொண்டைக்கு அடுத்தபடி பெரியது அதுதான். ஒரு மணி நேரம் போதும். படி கிடையாது, சக்கர நாற்காலி போகும். தொண்டைப் பாதையும் அப்படியே. அப்பா அம்மாவை அழைத்துப் போகிறவர்கள் இந்த இரண்டையும் தயங்காமல் திட்டமிடலாம். ஒரே எச்சரிக்கை: நடைபாதைத் தளம் இரும்புக் கம்பிவலை. கைத்தடியின் முனையில் ரப்பர் பூண் இல்லையென்றால் ஓட்டையில் மாட்டும். ஹீல்ஸ் செருப்புக்கும் அதே கதி.

கீழ்ச் சுற்று படிகள் நிறைந்தது. முட்டி வலி உள்ளவர்கள் முதல் காட்சி மேடை வரை போய்த் திரும்பலாம். முடிகிறவர்கள் முழுதும் நடங்கள், ஒன்றரை மணி நேரம். போசெட்டி அருவியின் அடியில் வரும் மேடையில் ஒரு நிமிடம் நின்றால் தொப்பலாக நனைந்துவிடுவீர்கள். மூன்று பாதைகளில் எதை விடுவது என்று கட்டாயம் வந்தால் பெரும்பாலோர் இதைத்தான் விடுகிறார்கள். விடக்கூடாதது இது. தொண்டையில் பிரமிப்பு இருக்கிறது, காடு இல்லை. காட்டுக்குள்ளிருந்து அருவி திடீரென்று எதிரே வரும் அனுபவம் கீழ்ச் சுற்றில் மட்டும்தான்.

மக்கூகோ பாதை என்று இன்னொன்று உண்டு. போக 3.5 கிலோமீட்டர், வர 3.5, முடிவில் ஆரெச்சேயா என்ற சிறு அருவி. நேரம் கடந்து வந்தால் உள்ளே விட மாட்டார்கள். மழை பெய்த மறுநாள் செம்மண் சறுக்கும். அந்தக் கறை வெள்ளைத் துணியிலிருந்து போகவே போகாது.

பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் தொண்டை வரை வழிகாட்டியுடன் நிலா நடை நடத்துகிறார்கள். மாதத்தில் ஐந்து இரவுகள்தான், தனிக் கட்டணம், இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். மேகம் மூடினால் நிலவும் இல்லை, போட்டோவும் இல்லை. நாட்கள் கையில் தாராளமாக இருந்தால் மட்டும் இதற்காகத் தேதியை வளையுங்கள்.

பிரேசில்

நிர்வாகத்தில் பிரேசில்தான் மேல். நேரம் குறித்த டிக்கெட், கேட்டிலிருந்து அடுக்கு பஸ், சுத்தமான கழிப்பறை, குழப்பமில்லாத பலகைகள். சொந்த வாகனத்தில் உள்ளே போக முடியாது. ஃபோஸ் நகரின் டவுன் பஸ் முனையத்திலிருந்து 120ஆம் எண் பஸ் விமான நிலையம் வழியாகப் பூங்கா வாசல் வரை வருகிறது.

இங்கே நடக்கும் ஒரே தவறு, பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போவது. அங்கே இறங்கினால் அருவிப் பாதையின் வாலில் நிற்பீர்கள், எதிர்த்திசையில் வரும் கூட்டத்தை முட்டிக்கொண்டு நடக்க வேண்டும். ஹோட்டல் டாஸ் கத்தராத்தாஸ் என்ற இளஞ்சிவப்பு ஓட்டலுக்கு எதிரே இறங்குங்கள். அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குள் பாதை கீழிறங்கும். ஒவ்வொரு வளைவிலும் அருவி கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வரும். கடைசியில் தொண்டையின் காலடியில் தண்ணீருக்கு மேலே நீளும் நடைமேடை. இங்கே நனைவது உறுதி. முடிவில் லிப்ட் இருக்கிறது. வரிசை நீளமாக இருந்தால் படியில் ஏறிவிடுவது வேகம். மெதுவாக நடந்தாலும் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அர்ஜென்டினா கட்டணத்தோடு ஒப்பிட்டுவிட்டு "இவ்வளவுதானா?" என்று சிலர் அலுத்துக்கொள்வது உண்டு. அகலக் காட்சி வேண்டும் என்றால் இந்தக் கரையை விட்டால் வேறு வழியில்லை.

வெளிச்ச விஷயத்திலும் பிரேசில் கரைக்கு ஒரு சலுகை உண்டு. தென்கோளத்தில் சூரியன் வடக்கே இருக்கும். வடகரையிலிருந்து தெற்கே பார்ப்பதால் பெரும்பாலும் வெயில் முதுகுக்குப் பின்னால். வானவில்லுக்கும் அதுவே விதி: சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, உங்கள் நிழல் விழும் திசையில் சாரலைப் பாருங்கள். மேலிருந்து கீழே பார்க்கும் மேடைகளில் உச்சி வெயிலிலும் வில் தெரியும், காலடிக்குக் கீழே.

பூங்கா வாசலுக்கு எதிரே பறவைப் பூங்கா இருக்கிறது. காட்டில் இவ்வளவு பக்கத்தில் காணக் கிடைக்காத மக்காவ் கிளி, டூக்கான் எல்லாவற்றையும் ஒரு முழம் தூரத்தில் பார்க்கலாம். குழந்தைகள் இருந்தால் போங்கள். ஹெலிகாப்டர் சவாரி சில நிமிடத்தில் முடிந்துவிடும். சத்தம் காட்டின் மேல் விழுகிறது என்று நெடுநாளாக எதிர்ப்பு இருக்கும் விஷயம். எங்கள் கணிப்பில் அந்தப் பணத்துக்கு அர்ஜென்டினாவில் இன்னொரு நாள் தங்கலாம்.

படகு

இரண்டு பக்கமும் அருவிக்கு அடியில் கொண்டுபோய் நனைக்கும் படகு உண்டு. அர்ஜென்டினாவில் கிரான் அவென்டுரா, பிரேசிலில் மக்கூகோ சஃபாரி. இரண்டும் வேண்டாம், ஒன்று போதும். காட்டு வழியில் வண்டியில் போய், ஆற்றில் எதிர்நீச்சல் போட்டு, கடைசியில் அருவிக்குள் படகை நுழைப்பார்கள். ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஏறுவது வீண். கழுத்து வழியே தண்ணீர் உள்ளே போய்விடும். விரைவில் உலரும் உடை, பின்பட்டை உள்ள செருப்பு, மாற்று உடை ஒரு செட். பைகளுக்கு நீர்புகாப் பை தருவார்கள். அதன் வாயை மூன்று சுற்று மடித்துக் கொக்கி போட வேண்டும். ஒரே மடிப்போடு விட்டால் பாஸ்போர்ட் நனைந்துவிடும். கர்ப்பிணிகள், இதய நோய், முதுகெலும்புப் பிரச்சினை உள்ளவர்களை ஏற்றுவதில்லை. குழந்தைகளுக்கு வயது வரம்பு உண்டு. டிக்கெட் வாங்குமுன் கேளுங்கள். ஆற்று மட்டம் மிக ஏறினாலும் மிக இறங்கினாலும் படகு ஓடாது. நாளின் கடைசியில் போடுவதே சரி. காலையிலேயே நனைந்துவிட்டு மிச்சப் பாதை முழுக்க ஈரக் காலுறையோடு நடந்தால் கொப்புளம்தான் மிஞ்சும்.

கோவாத்தி, சாப்பாடு

நீண்ட மூக்கும் வளையம் போட்ட வாலுமாகக் கூட்டம் கூட்டமாகத் திரியும் கோவாத்தி என்ற விலங்கு பார்க்கப் பரம சாது. பிளாஸ்டிக் உறை சரசரத்தால் போதும், மேசைக்கு மேலே வந்துவிடும். நகம் கத்தி மாதிரி. பையின் ஜிப்பைத் திறக்காது, கிழித்துவிடும். கடிபட்ட கைகளின் படத்தைப் பெரிதாகப் போட்டு எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். மிகையில்லை. கடித்தால் வெறிநாய்க்கடி ஊசி வரை போக வேண்டியிருக்கும். உணவைத் துணிப்பையில் வைக்காமல் மூடியுள்ள கெட்டி டப்பாவில் வையுங்கள். அது பிடுங்கினால் விட்டுவிடுங்கள், இழுபறி வேண்டாம். குரங்குகளுக்கும் இதே பாடம். வண்ணத்துப்பூச்சிகள் மட்டும் விதிவிலக்கு: வியர்வை உப்புக்காகக் கையில் வந்து உட்காரும். இறக்கையின் அடியில் 88 என்று எழுதியது போலக் கோடு உள்ளதைத் தேடிப் பாருங்கள்.

பூங்காவுக்குள் சாப்பாடு விலை அதிகம், ருசி சுமார். ஊரிலேயே எதையாவது கட்டிக்கொண்டு போவது நல்லது. மரவள்ளி மாவும் சீஸும் சேர்த்துச் சுட்ட சீப்பா என்ற ரொட்டி அருவி இருக்கும் மிசியோனெஸ் மாகாணம் முழுக்கக் கிடைக்கும், பசி தாங்கும். ஆனால் முட்டை சேர்ப்பது வழக்கம். உள்ளே பூரணம் வைத்து மடித்த எம்பனாடா வாங்கும் சைவக்காரர்கள் "ஸின் கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொல்லாதீர்கள். அங்கே கார்னே என்றால் மாட்டிறைச்சிதான். கோழியை வைத்துக் கொடுத்துவிட்டு நல்ல மனசோடு சிரிப்பார்கள். சீஸ் எம்பனாடா கேட்டாலும் பன்றி இறைச்சி சேர்ந்த "ஹமோன் இ கேஸோ" கைக்கு வரலாம். வெங்காயமும் சீஸும் வேண்டும் என்றால் "கேஸோ இ செபோஷா" என்று கேளுங்கள். மக்காச்சோளத்துக்கு "சோக்லோ". எந்தப் பூரணம் என்று விளிம்பு மடிப்பைப் பார்த்தே கடைக்காரர் சொல்லிவிடுவார். ஒவ்வொன்றுக்கும் மடிப்பு வேறு. பிரேசில் பக்கம் எடைபோட்டு விற்கும் உணவகங்கள் சைவர்களுக்கு வரம். சோறு, காய், சாலட் என்று வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பீன்ஸில் இறைச்சித் துண்டு கிடக்கிறதா என்று மட்டும் கரண்டியால் கிளறிப் பாருங்கள்.

எப்போது போவது

வருடம் முழுக்க மழை உண்டு, வறண்ட மாதம் என்று ஒன்று கிடையாது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை புழுக்கம், வெயில், கொசு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நடக்க இதமாக இருக்கும்; காலையில் 10 டிகிரிக்கும் கீழே போகும் நாட்கள் உண்டு, அந்தக் குளிரில் சாரலில் நனைந்தால் பல் தந்தியடிக்கும். ஏப்ரல், மே, ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் நல்ல தேர்வு. ஜனவரி, ஈஸ்டர் வாரம், ஜூலையில் அர்ஜென்டினா பள்ளி விடுமுறை ஆகியவற்றில் ரயில் வரிசையே பாதி நாளைத் தின்றுவிடும். டெங்கு இருக்கும் பகுதி என்பதால் கொசுவிரட்டி எந்த மாதத்திலும் வேண்டும். ட்ரோன் இரண்டு பூங்காவிலும் தடை.

எல்லை, விசா, ஊசி

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு நாட்டுக்கும் தனித்தனி விசா விதி. அரை நாள் அந்தக் கரைக்குப் போய் வந்தாலும் அது இன்னொரு நாட்டுக்குள் நுழைவதுதான். அர்ஜென்டினா விசா ஒற்றை நுழைவாக இருந்தால், பிரேசில் பக்கம் போனவர் திரும்ப வந்து ஓட்டலில் இருக்கும் பெட்டியை எடுக்க முடியாது! செல்லுபடியாகும் அமெரிக்க விசா உள்ள இந்தியர்களுக்கு அர்ஜென்டினா சலுகை தருகிறது. விதி மாறிக்கொண்டே இருப்பதால் டிக்கெட் போடுமுன் தூதரகத் தளத்தில் பாருங்கள்.

எல்லையைக் கடக்க டான்க்ரேடோ நெவெஸ் பாலம். பஸ்ஸில் போனால் அர்ஜென்டினா சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்குவார்கள். பிரேசில் சாவடியில் டிரைவர் நிறுத்தாமலே போகக்கூடும், உள்ளூர்க்காரர்களுக்கு அது பழக்கம். முத்திரை இல்லாமல் உள்ளே போய்விட்டால் பிறகு விமான நிலையத்தில் அபராதம். ஏறும்போதே "மிக்ராசியோனெஸ்" (குடிவரவுச் சோதனை) என்று டிரைவரிடம் சொல்லி வையுங்கள். இறக்கிவிட்டுப் போனாலும் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருந்தால் அதே நிறுவனத்தின் அடுத்த பஸ்ஸில் ஏறலாம். இரண்டு ஊருக்கும் ஒரே நேரம்தான், கடிகாரத்தைத் திருப்ப வேண்டாம். அருவிப் பக்கத்தில் போன் எதிர்க்கரை நெட்வொர்க்கைப் பிடித்து ரோமிங் பணம் ஓடும். தானியங்கித் தேர்வை நிறுத்திவிடுங்கள்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பலரும் அந்த நாடுகளின் கட்டாயம் என்று நினைத்து, அங்கே யாரும் கேட்பதில்லை என்று தெரிந்ததும் விட்டுவிடுகிறார்கள். கேட்பது இந்தியா. பிரேசிலிலிருந்தோ அர்ஜென்டினாவிலிருந்தோ கிளம்பி ஆறு நாட்களுக்குள் இந்தியாவில் இறங்கும்போது சான்றிதழ் இல்லையென்றால் தனிமைப்படுத்தும் அதிகாரம் இங்குள்ள சுகாதார அதிகாரிகளுக்கு உண்டு. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும்; அதன் பிறகு ஆயுள் முழுக்கச் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். குறிப்பிட்ட நாட்களில் மட்டும் என்பதால் முன்பதிவு செய்து போங்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், அறுபது வயதைக் கடந்தவர்கள் முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

கடைசியாக விமான நிலையம். இரண்டு கரையிலும் ஒவ்வொன்று இருக்கிறது. புவனோஸ் அய்ரெஸிலிருந்து வருகிறவர்கள் அர்ஜென்டினா பக்கத்துக்கும், சாவ் பாவ்லோ, ரியோவிலிருந்து வருகிறவர்கள் பிரேசில் பக்கத்துக்கும் டிக்கெட் எடுப்பது வழக்கம். ஒரு கரையில் இறங்கி மறு கரையில் ஏறினால் கட்டணம் குறைவாகக் கிடைப்பதும் உண்டு. அப்படிப் போட்டால் புறப்படும் நாளில் பாலத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஞாயிறு மாலையும் விடுமுறைக் கடைசி நாளும் என்றால் மூன்று.